வடக்கே நாற்பது தப்படி

"தைஃபூர், உன் வாயை வண்டியிலேயே பூட்டி வெச்சுட்டு இறங்கு" என்றார் ஸித்தானா அக்கா.

"சாவியை யார்கிட்ட கொடுக்கிறது?" என்றேன்.

முறைத்தார். இறங்கினேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான் ருபாதாப்காரன், அபு ஹமத் பக்கம் பிறந்தவன். எங்கள் ஆட்கள் எதையாவது பார்த்து 'இது இன்னது மாதிரி இருக்கே' என்று சொல்லிவிட்டால் அது உருப்படாது என்று நைல் நெடுகிலும் ஒரு பேச்சு. மாட்டைச் சொன்னால் மாடு படுத்துவிடுமாம், டயரைச் சொன்னால் காற்று போய்விடுமாம். சுத்தப் பொய். என் வாயால் டயர் போனதாகச் சொல்லப்படும் மூன்று சம்பவங்களில் இரண்டு தற்செயல்.

ஸித்தானா அக்கா அத்பரா ரயில்வேயில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். காணாமல் போன பெட்டி படுக்கைகளைத் தேடிக் கொடுப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இப்போது ஊரார் தொலைத்ததை எல்லாம் தேடிக் கொடுக்கிறார். வண்டி ஓட்டுவது, டீ போடுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் பொறுப்பு.

முந்தின நாள் மத்தியானம் போன் வந்தது. பேசியது ரௌதா என்ற பள்ளிக்கூட டீச்சர். உம்சுந்த் கிராமம். "எங்கப்பா திருடலை. நாளைக்கு நடுப்பகல் தொழுகை முடிஞ்சதும் அவரை ஜீப்புல ஏத்தி டவுனுக்குக் கொண்டுபோறாங்க. ஏத்திட்டா முடிஞ்சுது. அப்புறம் கோர்ட்டு அவரை விட்டாலும் ஊர் விடாது. அதுக்கு முன்னாடி வந்துடுங்க" என்றாள். அழவில்லை. அழாததுதான் எனக்கு என்னவோ செய்தது.

இப்போது காலை எட்டரை. கையில் மூன்றரை மணி நேரம்.

அகழாய்வுக்காரர்கள் தங்கியிருந்த வீட்டின் முற்றத்தில் எழுபது கூலியாட்கள் இருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. குளிர்காலம் ஆதலால் நிமித்தி என்னும் பொடி ஈ கண்ணையும் மூக்கையும் மொய்த்தது. எல்லோரும் முகத்தில் வலை போட்டிருந்தார்கள். வலைக்குள்ளிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக ஒரே தட்டைச் சுற்றி எட்டுக் கை விழும் ஊர் இது. அன்று ஆளுக்கு ஒரு மூலையில், அவரவர் ரொட்டியை அவரவர் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள்.

சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் கர்ரார் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது. தலைப்பாகை இல்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரௌதா பக்கத்தில் நின்று அப்பாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நான் ஸித்தானா" என்றார் அக்கா.

"வாம்மா. எழுந்து கை கொடுக்க முடியலை. தப்பா எடுத்துக்காதே."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

வாசல் நிழலில் சப்-இன்ஸ்பெக்டர் ஒஷேக் மண் குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கஸ்ஸலாக்காரர், இளவயது. மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. குடிக்கும்போது ஒவ்வொரு முகமாக எடைபோட்டுக்கொண்டே குடித்தார். என் முகத்தில் மட்டும் பார்வையைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார்.

"துப்பறியறவங்களா? நல்லது. ஆனா நான் ஏற்கெனவே அறிஞ்சுட்டேன்" என்றார்.

"என்ன அறிஞ்சீங்கன்னு சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுவோம்" என்றார் அக்கா பணிவாக. அவர் பணிந்து பேசினால் எனக்குப் பயம் வரும்.

ஒஷேக் சொன்னார். நான்கு நாளைக்கு முன், ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டில் பன்னிரண்டாம் குழியைத் திறந்தார்கள். ஆறாயிரம் வருடத்துக்கு முந்தைய பெண் ஒருத்தி உள்ளே இருந்தாள். முழங்காலை மடக்கி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் மாட்டுக் கொம்பு. நெஞ்சோரம் ஒரு கல்பாவை. விரல் நீளம்தான். முகமும் கிடையாது, கையும் கிடையாது. ஆனாலும் பெண் என்று பார்த்ததுமே தெரியுமாம். அதைப் பஞ்சு வைத்த பெட்டியில் போட்டு சாமான் அறையில் பூட்டினார்கள். முந்தாநாள் காலை பெட்டியைத் திறந்தால் பஞ்சுக்கு நடுவில் ஆற்றங்கரைக் கூழாங்கல்.

"சாவி எத்தனை பேர்கிட்ட?"

"மூணு பேர். தலைவி டாக்டர் ஹலினா. குழிகளைப் படம் வரையற ஷிஹாப். அப்புறம் இந்த மேஸ்திரி. டாக்டர்தான் எங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்க. வந்ததும் தேடினேன். மேஸ்திரியோட கையில்லாத கோட்டு அந்தச் சாமான் அறை ஆணியில தொங்கிட்டிருந்தது. பையில இது இருந்தது."

ஒரு துண்டுச் சீட்டு. எழுத்தைக் கோர்க்காமல் தனித்தனியாக, அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது. யார் கை என்று சொல்ல வழியில்லை.

'ஒற்றைக் கருவேலத்திலிருந்து வடக்கே நாற்பது தப்படி. ஒரு முழம் ஆழம்.'

"போய்த் தோண்டினீங்களா?"

"ஒரு முழம் இல்லை, ஒரு ஆள் ஆழம் தோண்டினேன். காம்பஸ் வெச்சு, நூல் பிடிச்ச மாதிரி வடக்கே போய்த் தோண்டினேன். ஒண்ணும் இல்லை. அதுக்குள்ள எடுத்து வித்துட்டார்."

"காம்பஸ் உங்களுதா?"

"ஷிஹாப் கொடுத்தார். நல்ல மனுஷன். கேட்கிறதுக்கு முன்னாடியே கொண்டுவந்து நீட்டினார்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் காப்பிக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நல்ல வாசனை.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

பதில் ரௌதாவிடமிருந்து வந்தது. "ஒண்ணும் சொல்லலை. பதினோரு வருஷம் அப்பா அவங்களுக்கு வேலை பார்த்தார். கட்டும்போது பக்கத்துலதான் நின்னாங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசலை."

கர்ரார் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

* * *

ஒற்றைக் கருவேலமரம் மேட்டிலிருந்து ஐந்நூறு தப்படி தள்ளி, ஆறு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் நின்றது. ஒஷேக்கும் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களும் கூட வந்தார்கள். மரத்துக்கு அப்பால், மணலுக்குள் போலீஸ் தோண்டிய பள்ளம் தெரிந்தது. ஒட்டகத்தைப் புதைக்கலாம் போல அவ்வளவு பெரிதாக இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். மண்வெட்டிக்காரர்கள் இருவரும் அவசரமாகக் கையைத் தூக்கி, "அண்ணே, நீங்க ருபாதாப்தானே? எங்களை வெச்சு எதுவும் சொல்லிடாதீங்க" என்றார்கள்.

"தைஃபூர், சும்மா நிக்காதே. மரத்திலேர்ந்து வடக்கே நாற்பது தப்படி நட. பள்ளம் சரியா வருதான்னு பார்ப்போம்" என்றார் அக்கா.

நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டு வந்தபோது பின்னாலிருந்து கத்தல்.

"எங்கேடா போறே?"

"வடக்கே."

"வடக்கு அந்தப் பக்கம்!" அக்கா பள்ளத்தைக் காட்டினார்.

"அது எப்படி வடக்காகும்? ஆறு இந்தப் பக்கம் போகுது."

"ஆறு போனா?"

"ஆறு போற பக்கம்தானே வடக்கு!"

ஒஷேக் சிரித்தார். "காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டாரா உங்க ஆளு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்பராவில் பிறந்தவருக்கும் கஸ்ஸலாவில் பிறந்தவருக்கும் என்ன தெரியும்? அத்பராவில் ஆறு ஒழுங்காக வடக்கே போகிறது, காம்பஸும் ஆறும் ஒன்றையே காட்டும். அபு ஹமதைத் தாண்டியதும் ஆறு வந்த வழியே திரும்பித் தெற்கும் மேற்குமாக ஓடுகிறது. அதற்காக நாங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள முடியுமா? ஆறு போகிற பக்கம் வடக்கு, ஆறு வருகிற பக்கம் தெற்கு. எங்கள் பாட்டன் பூட்டன் எல்லோருக்கும் அப்படித்தான்.

"அப்போ சூரியன் எங்கே உதிக்கும்?" என்றார் ஒஷேக் விடாமல்.

"எங்க ஊர்ல குளிர்காலத்துல மேற்கே உதிக்கும். உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?"

மண்வெட்டிக்காரர்கள் இருவரும் "ஆமா, மேற்கேதான்" என்று தலையாட்டினார்கள். ஒஷேக்கின் சிரிப்பு நின்றது.

ஸித்தானா அக்கா மட்டும் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக, "தைஃபூர், நீ இன்னிக்குத்தான் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கே" என்றார். "மிச்சத்தையும் நட."

ஆற்றோரமாகவே நாற்பது நடந்து நின்றேன். ஆட்கள் தோண்டினார்கள். ஒரு முழம், ஒன்றரை முழம், இரண்டு முழம். கிடைத்தது வேர், இன்னும் கொஞ்சம் வேர், ஒற்றைச் செருப்பின் அடித்தோல்.

"ஆறாயிரம் வருஷத்துச் செருப்பா?" என்றார் ஒஷேக்.

அடித்தோலைக் காலால் பள்ளத்துக்குள் தள்ளினேன்.

"பார்த்தீங்களா மேடம்? இது இந்த ஊர் வடக்கு, இங்கேயும் இல்லை. அது உலகத்து வடக்கு, அங்கேயும் இல்லை. வடக்கு ரெண்டுதான் இருக்க முடியும். சாமான் வித்தாச்சு. ஜீப்பைக் கழுவச் சொல்லப்போறேன்."

மணி பத்தே கால்.

* * *

டாக்டர் ஹலினா அறையில் தனியாக இருந்தார். போலந்துக்காரி, ஐம்பத்தைந்து இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்து கிடந்தது. எங்கள் பாஷையை நன்றாகவே பேசினார். கண்ணைத்தான் பார்க்கவில்லை.

"யாரை நம்புவது என்று தெரியவில்லை" என்றார். "மூன்று சாவி. ஒன்று என்னிடம். மீதி இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்."

"அதனால வாயை மூடிக்கிட்டீங்க" என்றார் அக்கா.

டாக்டர் முகம் சிவந்தது.

"பன்னிரண்டாம் குழி படம் இருக்கா?"

பெரிய தாளை விரித்தார். அந்தப் பெண் அதில் மெல்லிய கோடுகளாகப் படுத்திருந்தாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. வரைந்த கைக்கு நல்ல பொறுமை. தாளின் மூலையில் ஒரு அம்புக்குறி, அதன் மேல் 'வடக்கு' என்று எழுதியிருந்தது.

அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், தாளைப் பார்த்தார், தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "டாக்டர், இந்த அம்பு காம்பஸ் வடக்கு இல்லையே?"

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "முதல் வருடம் 'வடக்குப் பக்கம் தோண்டுங்கள்' என்றேன். எல்லோரும் எதிர்ப்பக்கம் தோண்டினார்கள். மூன்று நாள் வேலை போச்சு. கர்ராரும் நானும் அடிதடி வரைக்கும் போனோம். கடைசியில் நான்தான் தோற்றேன். அன்றிலிருந்து எங்கள் தாள்களில் ஆறு போகிற திசைதான் வடக்கு. எல்லாக் குழிக்கும், எல்லாப் படத்துக்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவோ அதைக் கவனிக்கவே இல்லை.

"ஆறு எந்த இடத்துல போற திசை?"

"புரியவில்லை."

"ஆறு வளைஞ்சு வளைஞ்சு போகுது. நீங்க எந்த இடத்துல பார்த்து அம்பு போட்டீங்க?"

"மேட்டுக்கு நேராகத்தான். தென்மேற்கே ஒரே நேர்கோடு. பதினோரு வருடமாக அதே கோடுதான். கோடு வளைந்தால் படம் வரைய முடியாதே!"

அக்கா தாளை மடித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் தோளில் ஒரு தட்டு தட்டினார், வலித்தது.

"என்னக்கா?"

"சப்-இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு வரலை. வடக்கு ரெண்டு இல்லை, மூணு."

* * *

பத்தே முக்காலுக்குக் கருவேலமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. மூன்று சாவிக்காரர்களையும் அக்கா அங்கே வரவழைத்திருந்தார். கர்ரார் மேஸ்திரியின் கட்டை அவிழ்க்க ஒஷேக் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டின கையோட குச்சி நட முடியுமா?" என்று அக்கா கேட்ட பிறகுதான் அவிழ்த்தார்.

படம் வரையும் ஷிஹாபை அப்போதுதான் பார்த்தேன். கார்ட்டூம்காரர், முப்பது வயது இருக்கும். மணலிலும் பளபளக்கும் செருப்பு. கர்ரார் மேஸ்திரிக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அக்காவுக்கு யாரையும் பிடிக்காது, தொழில் அப்படி.

"ஆளுக்கு ஒரு குச்சி" என்றார் அக்கா. "மரத்திலேர்ந்து வடக்கே நாற்பது தப்படி நடந்து குச்சியை நடணும். அவ்வளவுதான். ஒருத்தர் நடக்கும்போது மத்த ரெண்டு பேரும் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக் கண்ணை மூடிக்கணும். தைஃபூர், யாராவது எட்டிப் பார்த்தா அவங்களைப் பத்தி ஏதாவது சொல்லு."

மூன்று பேரும் மிரண்டுபோனார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் கர்ரார் மேஸ்திரி. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. மரத்தை விட்டதும் ஆற்றைப் பார்த்தார், ஆற்றோடு நடந்தார். நாற்பது முடிந்த இடம் நான் தோண்டி அசிங்கப்பட்ட அதே பள்ளம்.

அடுத்து டாக்டர். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. திரும்பி மேட்டைப் பார்த்தார், கையை நீட்டி ஏதோ கோடு பிடித்தார், முதுகை மேட்டுக்குக் காட்டி நேராக நடந்தார். குச்சி விழுந்த இடம் என் பள்ளத்திலிருந்து முப்பது தப்படி விலகி, ஆற்றை விட்டுத் தள்ளி, முள்செடிக்கு நடுவில். அந்தப் பக்கம் அதுவரை யாரும் கால்கூட வைக்கவில்லை.

கடைசியில் ஷிஹாப். சட்டைப்பையிலிருந்து காம்பஸை எடுத்தார், ஊசி நிற்கும்வரை காத்திருந்தார், மணலுக்குள் நடந்தார். அவர் குச்சி போலீஸ் பள்ளத்தின் விளிம்பில் நின்றது.

"மூணு பேர், மூணு வடக்கு" என்றார் அக்கா. "ரெண்டு இடம் தோண்டியாச்சு. மூணாவதைத் தோண்டுங்க."

மண்வெட்டி விழுந்தது. எழுபது பேரும் சுற்றி நெருங்கி நின்றார்கள். சரியாக ஒரு முழம். 'டங்' என்று ஒரு சத்தம். பால்பவுடர் டப்பா ஒன்று வந்தது. ஒஷேக் மூடியைத் திறந்தார். பஞ்சு. பஞ்சுக்குள்ளே அந்தப் பாவை.

எவ்வளவு சின்னது! முகமில்லாத அந்தத் தலையை லேசாகச் சாய்த்த மாதிரி செய்திருந்தார்கள். ஆறாயிரம் வருடம் ஒருத்தியோடு படுத்திருந்ததை எடுத்துப் பால்பவுடர் டப்பாவில் அடைத்திருக்கிறான். எனக்கு வாய் அடைத்துப்போனது. அது அடிக்கடி நடப்பதில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ரௌதா அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

ஒஷேக் நேராக டாக்டரிடம் போனார். "கையை நீட்டுங்க, டாக்டர். நீங்களே புதைச்சு நீங்களே காட்டிக் கொடுத்துட்டீங்க."

டாக்டர் வெளுத்துப்போனார். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அடடா, இந்த அம்மாவா என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

"அவங்களை விடுங்க" என்றார் ஸித்தானா அக்கா.

"விடறதா? குச்சி நட்டது அவங்கதானே!"

"அதனாலதான் விடச் சொல்றேன். தான் புதைச்ச இடத்துல தானே போய்க் குச்சி நடுற திருடனை நீங்க பார்த்திருக்கீங்களா? டாக்டருக்கு வடக்குன்னா அவங்க தாள்ல இருக்கிற அம்பு. மனசுல பட்டதை நட்டாங்க. மேஸ்திரிக்கு வடக்குன்னா ஆறு. மரத்துக்கிட்ட ஆறு திரும்பினா அவர் வடக்கும் கூடவே திரும்பும். அவர் எழுதின சீட்டா இருந்தா டப்பா தைஃபூர் தோண்டின பள்ளத்துல இருந்திருக்கணும். டப்பா இருந்தது தாள் வடக்குல. அப்போ சீட்டை எழுதினவருக்கு வடக்குன்னாலே அந்த அம்புதான். அந்த அம்பை தினமும் கையால போடறவங்க இந்த ஊர்ல ரெண்டே பேர்."

எல்லோரும் ஷிஹாபைப் பார்த்தார்கள்.

ஷிஹாப் சிரித்தார். "அக்கா, நான் கார்ட்டூம்காரன். எனக்கு வடக்குன்னா காம்பஸ்தான். நட்டுக் காட்டினேனே!"

"ஆமா தம்பி, பார்த்தேன். சரி, ஒரு சந்தேகம். பன்னிரண்டாம் குழியை நீதானே வரைஞ்சே? அருமையா இருக்கு. அந்தப் பொண்ணு தலை எந்தப் பக்கம்?"

"தெற்கே" என்றார் ஷிஹாப் சட்டென்று.

"சப்-இன்ஸ்பெக்டர், காம்பஸை வாங்கிட்டுப் போய் அந்தக் குழியைப் பார்த்துட்டு வாங்க."

ஒஷேக் ஓட்டமும் நடையுமாகப் போனார், வந்தார். மூச்சு வாங்கியது. "தலை வடகிழக்கே இருக்கு. தெற்கே இல்லவே இல்லை."

"தாள்ல அது தெற்கு" என்றார் டாக்டர் மெதுவாக.

அக்கா ஷிஹாபின் கிட்டே போனார். "யோசிக்காம சொன்னப்போ உன் வாயில வந்தது தாள் வடக்கு. யோசிச்சு நடந்தப்போ உனக்குக் காம்பஸ் தேவைப்பட்டது. மூணு வருஷமா படம் வரையறே, ஒரு தாள்லகூட காம்பஸ் வடக்கு போடலை. சீட்டு கிடைச்ச அன்னிக்கு மட்டும் கேட்காமலே ஓடிப்போய் சப்-இன்ஸ்பெக்டர் கையில அதைக் கொடுத்தே. தேடித் தர்றதுக்கா கொடுத்தே? தப்பான இடத்துல தோண்டட்டும்னு கொடுத்தே."

ஷிஹாப் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"வியாழக்கிழமை லாரியில ஒரு ஆள் வர்றதா இருந்தது" என்றார் தரையைப் பார்த்து. "அவன்கிட்ட எங்க வரைபடத்தோட நகல் இருக்கு. அவனுக்காகத்தான் எழுதினேன். அதுக்குள்ள போலீஸ் வந்து தேட ஆரம்பிச்சுட்டாங்க. சீட்டு என் கையில இருந்தது. பக்கத்துல ஒரு கோட்டு தொங்கிட்டிருந்தது. போட்டுட்டேன்."

கர்ரார் மேஸ்திரி முன்னால் வந்தார். "என் மேல உனக்கு ஏதாவது கோபமா, தம்பி?"

"இல்லை மாமா. சத்தியமா இல்லை. அது யாரோட கோட்டுன்னுகூட நான் பார்க்கலை."

மேஸ்திரி தலையாட்டினார். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

* * *

ஷிஹாபை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒஷேக் கர்ரார் மேஸ்திரியிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். "நீங்க போகலாம், மாமா."

"எங்கே போறது?" என்றார் மேஸ்திரி. "நீங்க என்னை வீட்டிலேர்ந்து கட்டிக் கூட்டிட்டு வந்தீங்க. தெருவே பார்த்தது. நான் தனியா திரும்பிப் போனா போலீஸ்காரனுக்கு ஏதோ கொடுத்து வந்துட்டான்னுதான் சொல்லுவாங்க. நீங்களும் வாங்க. என் வீட்ல சாப்பிட்டுட்டுப் போங்க."

ஒஷேக் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கஸ்ஸலாவிலும் மானம் மரியாதை உண்டு போலும். "வர்றேன்" என்றார்.

தெரு முழுக்க நடந்தே போனோம். மேஸ்திரி வேண்டுமென்றே நடுத்தெருவில், மெதுவாக நடந்தார். சப்-இன்ஸ்பெக்டர் அவருக்கு அரை அடி பின்னால் நடந்தார். வீட்டுக் கதவை ரௌதா இரண்டு பக்கமும் விரியத் திறந்து, மூடாதபடி கல் முட்டுக் கொடுத்தாள். பெரிய தட்டில் பயறும் கோதுமைக் குர்ராசா ரொட்டியும் வந்தன. போகிற வருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரி கூப்பிடக் கூப்பிட உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஒரே தட்டில் எட்டுக் கை, அடுத்த தட்டில் பத்துக் கை. அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எதையும் பார்த்து எதுவும் சொல்லிடாதே, சாப்பிடு" என்றார். அன்று எனக்கே சொல்லத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் டாக்டர் ஹலினா.

வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். முகத்தில் வலை இல்லை, ஈ மொய்த்தது, விரட்டவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றார். இந்த ஊரில் திறந்த கதவுக்கு வெளியே யாரும் அப்படி நிற்பதில்லை. அதற்குள் நாலு பேராவது 'வாங்க வாங்க' என்று கத்திவிடுவார்கள். அன்று ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"கர்ரார்" என்றார் டாக்டர். "நான் அன்றைக்கே பேசியிருக்க வேண்டும்."

"ஆமா டாக்டர்" என்றார் மேஸ்திரி. "பேசியிருக்கணும்."

ரொட்டியைப் பிய்த்தார், பயறில் தோய்த்தார், வாயில் போடவில்லை. கை தட்டுக்கு மேலேயே நின்றது.

"உங்களை உள்ளே வாங்கன்னு கூப்பிடணும். கூப்பிடுவேன்" என்றார். "அதுக்கு எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், டாக்டர்."

"ஆகட்டும்" என்றார் டாக்டர். "நிற்கிறேன்."

வெயிலில் நின்றார். நாங்கள் சாப்பிட்டோம்.